அகராதியை விழுங்கலாமா?

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டினாற்போல், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர், மற்றொன்று ராஜபாளையம். முன்னது சொல்லினால் பெயர் பெற்ற ஊர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த மண் அது. பின்னது நூலினால் பெயர் பெற்ற ஊர். எந்த நூல் என்று கேட்டால், ஏட்டில் எழுதும் நூல் அல்ல. பஞ்சிலிருந்து நூற்கும் நூல். ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ம் ஆண்டில் அங்கே ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்த நாள் முதல், கதிர்கள் சுழலும் ஓசை அவ்வூரில் ஓய்ந்ததில்லை.

இவ்விரண்டு ஊர்களிலும், நம் நாட்டின் மற்ற ஊர்களில் போலவே, குழந்தைகள் உள்ள வீடுகளில் ஓயாத ஒரு கவலை உண்டு. "பையன் கணக்கில் புலி, விஞ்ஞானத்தில் சிங்கம், இங்கிலீஷ் என்றால் மட்டும் வாயடைத்துப் போகிறான். வார்த்தை போதவில்லை" என்பார்கள். வார்த்தை போதாவிட்டால் என்ன? கடையில்தான் வார்த்தைகளை விலைக்கு விற்கிறார்களே! இடப் பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தை, வலப் பக்கத்தில் தமிழ் அர்த்தம். ஐயாயிரம் வார்த்தைகள் அடங்கிய புத்தகம் பஸ் நிலையத்தில்கூடக் கிடைக்கும். இப்போது அதே சரக்குக் கைபேசியிலும் புகுந்துகொண்டு, தினம் காலையில் "இன்றைய வார்த்தை" என்று மணியடிக்கிறது. தினம் இருபது வார்த்தை என்று தகப்பனார் விதிக்கிறார். பிள்ளையும் தலையை ஆட்டி ஆட்டி நெட்டுருப் போடுகிறான்.

சில வருஷங்கள் கழிகின்றன. பிள்ளை பாலிடெக்னிக்கில் தேறிச் சென்னையில் ஓர் உத்தியோகத்துக்காக நேர்முகப் பரீட்சைக்குப் போகிறான். எதிரே வீற்றிருப்பவர் கேட்கும் கேள்வி அவனுக்கு விளங்குகிறது. விடையும் தெரியும். சொல்லப் போனால், அந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிறவரைவிட அவனுக்கு அதிகமாகவே தெரியும். ஆனால் அந்த ஐயாயிரம் வார்த்தைகளில் ஒன்றாவது சமயத்தில் வந்து கைகொடுக்க வேண்டுமே! ஒன்றும் வருவதில்லை. பிள்ளை ரயிலேறி ஊர் திரும்புகிறான். அவனைவிடக் குறைவாக அறிந்து, அதிகமாகப் பேசத் தெரிந்த வேறொருவனுக்கு அந்த இடம் போய்ச் சேருகிறது. பெண் குழந்தையாக இருந்தாலோ, "இவ்வளவு தூரம் போய் வந்தது போதும்" என்று அத்துடன் அவளுடைய படிப்புக்கும் பயணத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

அந்த ஐயாயிரம் வார்த்தைகளும் எங்கே போயின?

இதற்கு ஒரு பாதி விடையை ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1885-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். அர்த்தமற்ற அசைகளை வரிசை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, தம்மையே சோதனைப் பொருளாக்கி, நெட்டுருப் போட்டுப் பார்த்தார் அந்த மனிதர். இத்தனை சலிப்பான காரியத்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்தார் என்பதே ஆச்சரியந்தான். பாடமாக்கிய உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் வீணாகிவிடுகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் உருப் போடுவதைக் காட்டிலும், இடைவெளி விட்டு விட்டுத் திரும்பிப் பார்ப்பது நிலைக்கிறது என்பதும் அவர் கண்டதே. நமக்குத் தொடர்பற்ற வார்த்தை எதுவும் அர்த்தமற்ற அசையைப் போன்றதுதான். வலப் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் எழுதியிருப்பதனால் மட்டும் அது நமக்கு உறவாகிவிடாது.

நெட்டுருவை நான் இகழ்வதாக நினைக்க வேண்டாம். நெட்டுருவில் பிறந்து வளர்ந்த நாடு இது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டைக் கரைத்துக் குடித்தார்கள். திவாகரம், பிங்கலம், மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு எல்லாம் சொல்லுக்குப் பொருளைச் செய்யுளில் அடைத்து வைத்த களஞ்சியங்கள். 1732-ம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்து, எழுத்து வரிசையில் சொல்லைத் தேடும் வழியைத் தமிழுக்குக் காட்டும் வரையில், நிகண்டே நமக்கு அகராதி. ஆனால் அக்காலத்துப் பிள்ளை நிகண்டோடு நின்றுவிடவில்லை. காலையில் நிகண்டு ஒப்பித்த அதே வாய், மறுவேளையில் செய்யுளைப் படித்து, ஆசிரியர் சொல்லும் பதவுரையைத் திருப்பிச் சொல்லிற்று. நிகண்டில் தனியாகக் கண்ட சொல்லைச் செய்யுளில் மற்றச் சொற்களுடன் சேர்ந்து நடக்கக் கண்டான் அவன். நிகண்டு ஒரு கால்; பதவுரை மற்றொரு கால். இன்று இங்கிலீஷ் கற்கும் நம் குழந்தைகளுக்கு நாம் ஒரு காலை மட்டும் கொடுத்து, ஓடு ஓடு என்று விரட்டுகிறோம்.

பதவுரை என்றால் என்னவென்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பதே பாசுரங்கள். அந்த முப்பதுக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய வியாக்கியானம் மூவாயிரப்படி. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் எழுதியது ஆறாயிரப்படி. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஓர் அளவு. ஒவ்வொரு சொல்லையும் எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருந்தால் இத்தனை எழுதியிருக்க முடியும்! அந்த வியாக்கியானக்காரர்களின் வழியைச் சற்றுக் கவனியுங்கள். முதலில் அவதாரிகை: யார், யாரிடம், எந்தச் சமயத்தில் பேசுகிறார்கள் என்பது. பிறகு சொல்லின் பொருள். பிறகு, இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல், இதே பொருளுள்ள வேறொரு சொல் ஏன் வரவில்லை என்ற கேள்வி. அதற்கு ஒப்பாக வேறிடத்தில் வந்ததை எடுத்துக் காட்டுவது அதற்கும் பிறகு.

ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கற்பதற்கு இதைவிட மேலான முறை எதையும் நான் அறியேன்.

உதாரணமாக, பாங்கிக் கடன் வாங்கிய எல்லாருக்கும் பழக்கமான 'ஸாங்ஷன்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் ஸாங்ஷன் ஆகிவிட்டது என்றால் வீட்டில் பாயசம். அதே வார்த்தை பத்திரிகையில் ஒரு தேசத்தின் பெயரோடு சேர்ந்து வந்தால், அந்தத் தேசத்துக்கு வியாபாரத் தடை விதித்தார்கள் என்று அர்த்தம். அனுமதியும் அதுவே, தண்டனையும் அதுவே! வலப் பக்கத்தில் "அனுமதி" என்று மட்டும் படித்த பிள்ளை, உலகமே கூடி ஒரு நாட்டுக்கு ஏதோ அனுமதி வழங்கியதாக எண்ணிக்கொள்வான். யார், யாரிடம், எப்போது என்ற அவதாரிகை இருந்தால் இந்த விபத்து நேராது.

'ஃப்ரூகல்' என்றும் 'ஸ்டிஞ்ஜி' என்றும் இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. பணத்தைக் குறைவாகச் செலவழிப்பவன் என்று இரண்டுக்கும் அர்த்தம் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் முதலாவது சிக்கனம், இரண்டாவது கஞ்சத்தனம். வருங்கால மாமனாரைப் பற்றி எந்த வார்த்தையைச் சொல்வது என்பதில் ஒரு கல்யாணமே அடங்கியிருக்கிறது. தமிழில் சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள பேதம் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் குழந்தையிடமுள்ள அறிவைப் பயன்படுத்திக்கொள்ளாமல், "குறைவாகச் செலவழிப்பவன்" என்ற வறட்டு வரியை உருப் போடச் சொல்வது எவ்வளவு பெரிய விரயம்!

அகராதிக்காரர்களின் மேல் முழுப் பழியையும் போடக் கூடாதுதான். அர்த்தம் எழுதுவது சுலபமான தொழில் அல்ல. அகராதியிலுள்ள அர்த்தம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் போன்றது. பற்பல வீட்டுப் பாலைச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சியது அது. பல்லாயிரம் பேர் பேசியும் எழுதியும் வழங்கியதைச் சுண்டவைத்து இரண்டு வரியில் தருகிறார்கள். சுவைக்கலாம், ஆனால் அதைக் கரைத்து மறுபடி பாலாக்க முடியாது. 1755-ம் ஆண்டில் புகழ்பெற்ற இங்கிலீஷ் அகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்ஸன், வலைப் பின்னல் என்ற எளிய பொருளுடைய ஒரு வார்த்தைக்கு, அதைவிடப் பத்து மடங்கு கடினமான வார்த்தைகளில் விளக்கம் எழுதி, இன்றளவும் பரிகாசத்துக்கு ஆளாகி நிற்கிறார். ஓட்ஸ் என்ற தானியத்துக்கு விளக்கம் எழுதும்போது, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர் உண்பதாகக் குத்தலும் சேர்த்துவிட்டார். அர்த்தம் எழுதுகிறவனும் மனிதன். அவனுக்கும் ஊரும் கட்சியும் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்நிய நாட்டு மாணாக்கனுக்கு இப்படிப்பட்ட அகராதியால் பயனில்லை என்று முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், நம் தேசத்தில் வேலை பார்த்த ஓர் இங்கிலீஷ்காரர். மைக்கேல் வெஸ்ட் என்பது அவர் பெயர். டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த கல்லூரியில் இருந்துகொண்டு, வங்காளத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதை அவர் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் புதிய வார்த்தைகளைக் குவித்தால் பிள்ளை மூச்சுத் திணறிப் போகிறான் என்று கண்டு, அடிக்கடி வழங்கும் வார்த்தைகளை முதலிலும் மற்றவற்றைச் சிறுகச் சிறுகவும் கொடுக்கும் வாசக புத்தகங்களைத் தயாரித்தார். 1935-ம் ஆண்டில் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில் ஓர் அதிசயம் உண்டு. அதிலுள்ள சுமார் 24,000 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் 1,490 எளிய வார்த்தைகளைக் கொண்டே அர்த்தம் எழுதியிருந்தார்கள். அந்த 1,490-ஐத் தாண்டி ஒரு வார்த்தைகூட இல்லை. இதே காலத்தில் ஜப்பானில் இங்கிலீஷ் போதித்துவந்த ஹார்ன்பி என்பவரும் அவருடைய தோழர்களும், ஒரு வார்த்தை வாக்கியத்தில் எப்படி எப்படி நடக்கும் என்று காட்டும் அகராதியைத் தொகுத்தார்கள். யுத்தத்துக்கு நடுவே 1942-ம் ஆண்டில் அது டோக்கியோவில் அச்சாயிற்று. 1948-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து மறுபடி வெளிவந்தது. இன்று மாணாக்கர்களுக்கென்று வரும் ஆக்ஸ்போர்டு அகராதிக்கு மூலம் அதுவே. ஆக, மாணாக்கர் அகராதி என்ற விருட்சத்துக்கு வித்து விழுந்தது லண்டனில் அல்ல. டாக்காவிலும் டோக்கியோவிலும், நம்மைப் போன்ற பிள்ளைகள் திணறிய வகுப்பறைகளில்.

அந்த 1,490 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போவோம். பஸ்ஸில் அரை மணி நேரந்தான்.

ராஜபாளையத்தில் பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, தெருவில் தமிழ். மில்லுக்குள் புகுந்தால் இங்கிலீஷும் வந்து கலந்துகொள்ளும். ஸ்பிண்டில், பாபின், கார்டிங், டாஃபிங், ஷிப்டு என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் சரளமாகச் சொல்வார்கள். இவற்றை அவர்களுக்கு எந்த அகராதியும் கற்பிக்கவில்லை. பொருள் கையில் இருந்தது; பெயர் தானே வந்து ஒட்டிக்கொண்டது. இப்படி நம்மிடம் ஏற்கெனவே குடிவந்துவிட்ட வார்த்தைகளிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டு, எங்கோ இருக்கும் வார்த்தைகளைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

டாஃபிங் என்பது நூல் நிறைந்த பாபின்களைக் கதிரிலிருந்து கழற்றுவது. அதே 'டாஃப்' என்ற சொல், தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதற்கும் இங்கிலீஷில் வழங்குகிறது. 'டு', 'ஆஃப்' என்னும் இரண்டு குட்டி வார்த்தைகள் ஒட்டிப் பிறந்தது அது. மில்லில் பாபின் கழற்றுகிற பெண்ணுக்கு, பழைய கதையில் ஒரு பிரபு தொப்பியை டாஃப் செய்தார் என்ற வாக்கியம் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

இன்னும் கேளுங்கள். ஒருவரைச் சீண்டிக் கேலி செய்வதை 'டீஸ்' என்கிறார்கள். கம்பளி மயிரைப் பிய்த்துப் பிரிப்பதற்கு ஏற்பட்ட சொல் அது. மேடையில் பேசுகிறவரை இடைமறித்துக் கேள்விகளால் துளைப்பதை 'ஹெக்கிள்' என்கிறார்கள். நாரைச் சீப்பிட்டுச் சிக்கெடுக்கும் வேலைக்கு வழங்கியது அது. 'ஷாடி' என்றால் மட்டரகமான வேலை. கந்தல் கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற சரக்குக்கு முன்னாளில் அந்தப் பெயர். துப்பறியும் நாவல்களில் வரும் 'க்ளூ' என்பது முதலில் நூல் உருண்டையைக் குறித்தது. சிக்கலான குகையில் புகுந்த கிரேக்க வீரன் ஒருவன், நூல் உருண்டையைப் பிரித்துக்கொண்டே உள்ளே போய், அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான் என்ற கதையிலிருந்து அந்தப் பொருள் வந்தது. நாமும் ஒருவருடைய மனத்தை அறிய 'நூல் விட்டுப் பார்க்கிறோம்' அல்லவா?

'டெக்ஸ்ட்' என்றால் நூலின் மூலபாடம். 'டெக்ஸ்டைல்' என்றால் நெசவுத் துணி. இரண்டும் நெய்வதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. தமிழனுக்கு இது ஓர் ஆச்சரியமே அல்ல. நூல் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவருகிறவர்கள் நாம். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதை அழகாக விரித்துச் சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் சொல்தான் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அறிவே கதிர். மில்லில் ஸ்பிண்டில் என்று சொல்வது அந்தக் கதிரைத்தான்!

நூற்கும் பெண் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் 'ஸ்பின்ஸ்டர்' என்ற வார்த்தைக்கு முதலில் நூல் நூற்பவள் என்பதே பொருள். பிறகு அது மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாயிற்று. "மணமாகாதவள்" என்று அகராதி வலப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பி, உத்தியோக விண்ணப்பத்தில் நம் பெண் தன்னை ஸ்பின்ஸ்டர் என்று எழுதிக்கொண்டால் அது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் வயதாகியும் யாரும் மணந்துகொள்ளாதவள் என்ற ஏளனம் அந்தச் சொல்லில் படிந்துவிட்டது. இங்கிலாந்திலேயே 2005-ம் ஆண்டோடு விவாகப் பதிவுகளிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். அகராதியின் அர்த்தம் சரி. எழுதிய இடம் தவறு. இந்த வித்தியாசத்தை இரண்டு பத்தி அச்சடித்த புத்தகம் ஒருநாளும் சொல்லித் தராது.

இதே போல ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு வார்த்தை அறிவிப்புப் பலகையில் நின்றுகொண்டிருக்கிறது. அங்கேயுள்ள மலைக்காட்டில் 1988-ம் ஆண்டில் சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அந்த அணிலுக்கு இங்கிலீஷில் 'க்ரிஸில்டு' என்று அடைமொழி. தாத்தாவின் தாடியில் கறுப்பும் வெளுப்பும் கலந்திருக்கிறதே, அந்த நரைதான் அது. நரை என்ற நம் சொல்லைக் கொண்டு அதைப் பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது. கிட்டத்தட்ட இதே ஒலியுடன், கோரமானது என்ற பொருளில் 'க்ரிஸ்லி' என்று வேறொரு வார்த்தை இருக்கிறது. அந்தச் சாது அணிலின் மேல் அதைப் போட்டுவிடக் கூடாது.

டாக்டர் ஜான்ஸனைப் பற்றிச் சொன்னபோது ஒன்றைப் பாக்கி வைத்தேன். அர்த்தம் எழுதுகிறவனுக்கும் கட்சி உண்டு என்றேன் அல்லவா? நம் நாட்டிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகளைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அவற்றைத் திரட்டி, வங்காளத்தில் என்ஜினீயராக இருந்த ஹென்றி யூலும், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெலும் ஒரு பெரிய சொற்கோவை செய்தார்கள். 1886-ம் ஆண்டில் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்ற விநோதமான பெயருடன் அது வெளிவந்தது. அதைக் காணப் பர்னெல் உயிரோடில்லை. அதில் நம் சுருட்டு இருக்கிறது. மிளகுத் தண்ணீர் இருக்கிறது. ராஜபாளையத்தின் பெயரிலேயே ஒட்டியிருக்கும் பாளையமும், பாளையக்காரரைக் குறிக்கும் 'பாலிகர்' என்ற உருவில் இருக்கிறது. 1799 முதல் 1805 வரை தென்பாண்டி நாட்டில் நடந்த யுத்தங்களைப் பற்றிக் கம்பெனி அதிகாரிகள் எழுதிய காகிதங்களில், அந்தச் சொல்லுக்குக் கலகக்காரன் என்ற வாடை ஏறிவிட்டது. அவர்கள் பாலிகர் என்று எழுதியவர்களில் ஒருவர்தாம் வீரபாண்டியக் கட்டபொம்மன்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தேர்வடத்தைப் பிடித்து இழுத்த ஒருவர், இங்கிலீஷ் அகராதியில் 'ஜகர்நாட்' என்ற வார்த்தையைப் புரட்டிப் பார்த்தால் திடுக்கிட்டுப் போவார். எதிர்ப்பட்டவற்றையெல்லாம் இரக்கமின்றி நசுக்கிக்கொண்டு போகும் அரக்க சக்தி என்று அர்த்தம் போட்டிருக்கும். பூரி ஜகந்நாதருடைய பெயரிலிருந்து பிறந்த வார்த்தை அது! பக்தர்கள் சக்கரத்தின் கீழ் விழுந்து மாய்கிறார்கள் என்று மேல்நாட்டு யாத்திரிகர்கள் எழுதிவைத்த கதைகள் அகராதிக்குள் ஏறிக்கொண்டன. ஊரே கூடி வடம் பிடிப்பதும், ஒரு முழம் நகர்ந்தாலும் ஆரவாரிப்பதும் அந்த அர்த்தத்தில் இல்லை. அதைவிடக் கொடியது, பறை முழக்கும் நம் சகோதர மக்களின் குலப் பெயரை எடுத்து, ஊரார் ஒதுக்கித் தள்ளியவன் என்ற பொருளில் வழங்கும் வார்த்தை. சர்வதேச அரசியல் பேசும் பத்திரிகைகள் சர்வசாதாரணமாக அதை எழுதுகின்றன. வாசிக்கும்போது விளங்குவதற்காக அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் தமிழ்க் குழந்தையின் வாயில் அது வரலாகாது என்பது என் அபிப்பிராயம்.

நம் சொல் போயிருக்கிறது என்ற உற்சாகத்தில் ஏமாந்துவிடவும் கூடாது. கட்டுமரம் என்றால் நமக்கு மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இன்றைய இங்கிலீஷில் 'கட்டமரான்' என்பது பெரும்பாலும் இரட்டை உடலுள்ள படகு. 'காஷ்' என்பது நம் காசேதான் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. இங்கிலீஷில் 'காஷ்' இரண்டு. கீழ்நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் பழைய சொல் நம் காசிலிருந்து போனது. ரொக்கத்தைக் குறிப்பதோ, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்தால் உறவு என்று கொள்வது, முகம் ஒத்தவரையெல்லாம் பங்காளி என்பது போலாகும்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, அர்த்தத்தைப் பிள்ளை விழுங்கக் கூடாது. தானே செய்ய வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வார்த்தை எந்த வாக்கியத்தில் எதிர்ப்பட்டதோ அந்த வாக்கியத்தை முதலில் எழுதட்டும். யார் யாரிடம் சொன்னது என்று ஒரு வரி. பிறகு அகராதியைத் திறவாமல், தனக்குத் தோன்றும் பொருளைத் தமிழில் எழுதட்டும். அதன் பிறகே அகராதி. கடைசியில் தன் தெருவையோ மில்லையோ கோயிலையோ வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை பழைய பாடம் பார்க்க வேண்டும். அப்போது வலப் பக்கத்தை மூடிக்கொண்டு பார்ப்பதைவிட, இடப் பக்கத்தை மூடிக்கொண்டு, பொருளிலிருந்து வார்த்தையைக் கண்டுபிடிப்பது நல்லது. பேசும்போது மனத்தில் முதலில் எழுவது பொருள்தானே?

இதை விளையாட்டாகவும் செய்யலாம். விடுகதை என்பது என்ன? விளக்கத்தைச் சொல்லி வார்த்தையை ஒளித்து வைப்பதுதான். தொல்காப்பியர் காலத்திலேயே இதற்குப் பிசி என்று பெயர் இருந்தது. "எனக்குப் பசி தீர்ந்தால் கழற்றி எறிகிறார்கள், வெறும் வயிற்றோடு வந்தால் வரவேற்று உட்காரவைக்கிறார்கள், நான் தின்பதெல்லாம் நூல், ஆனாலும் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் யார்?" என்று பாபினைப் பற்றி ஒரு குழந்தை எளிய இங்கிலீஷில் கேட்டுவிட்டால், அது அன்றைக்கு இருபது வார்த்தை உருப் போட்டதைவிட மேலான வேலை.

இன்னொரு விளையாட்டு வெஸ்ட் துரையின் அகராதியிலிருந்து கிடைக்கிறது. பால்கோவாவைக் கண்டிராத ஓர் அந்நியருக்குச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகளாலேயே அதை விளக்க வேண்டும். பால், சர்க்கரை, நெருப்பு, நெடுநேரம், கிளறு, கெட்டியாகும் வரை. கடினமான வார்த்தை ஒன்றாவது வேண்டியிருக்கிறதா? இப்படிப் பழகிய பிள்ளை நேர்முகப் பரீட்சையில் ஊமையாகி நிற்க மாட்டான். சரியான வார்த்தை அகப்படாத இடத்தில், அதன் பொருளை நாலு சிறு வார்த்தைகளில் சொல்லி அப்பால் நடந்துவிடுவான். அந்த 1,490 வார்த்தைகளைக் கொண்டு 24,000-ஐ விளக்கலாம் என்றால், பாபின் இயங்கும் விதத்தை ஓர் அதிகாரிக்கு விளக்கவா முடியாது?

படிப்பதற்கு மட்டும் இவ்வளவு போதாது. பிறர் உதவியின்றி நாவலும் பத்திரிகையும் வாசிக்க எட்டாயிரம், ஒன்பதினாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று நியூஜீலந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-ம் ஆண்டில் கணக்கிட்டார். ஆனால் மிகுதியாக வழங்கும் முதல் இரண்டாயிரமே, சாதாரணமான ஒரு பக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அடைத்துக்கொள்கின்றன. மிச்சத்தை வாசித்து வாசித்துத்தான் சேர்க்க வேண்டும். வாசிப்பதற்கு இடந்தானா இல்லை? ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூல்நிலையம் 1875-ம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. ராஜபாளையத்தில், சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக இருந்த ஸ்ரீ பி. எஸ். குமாரசுவாமி ராஜா தம் சொந்த இல்லத்தையே கொடுத்து உண்டாக்கிய காந்தி கலை மன்றம் இருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் தமிழிலும் இங்கிலீஷிலும் பொருள் எழுதியிருக்கிறார்கள். சிக்காகோ சர்வகலாசாலையார் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து, அதை இங்கிலீஷில் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதைப் போன்ற பாடம் வேறில்லை. விளக்கம் போதவில்லை என்று தோன்றினால் ஓரத்தில் திருத்தி எழுதியும் பார்க்கலாம். பாட்டிமார்கள் இதில் பெரிய உதவி செய்வார்கள்.

இருபது வேண்டாம், தினம் ஐந்து வார்த்தைகள் போதும். அந்த 1,490 வார்த்தைகளும் 298 நாட்களில் முடிந்துவிடும். ஆடிப்பூரத்தன்று ஆரம்பித்தால் வைகாசிக்குள் ஆகிவிடுகிறது. மறு ஆடிப்பூரத் தேர் வரையில் மிஞ்சும் நாட்களைப் பழைய பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.